குறைந்த மருந்தும் நீண்ட நோயும்
காசநோய்ச் சிகிச்சை வரலாற்றிலிருந்து சில பக்கங்கள்

1941 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 12 ஆந் திகதி, இங்கிலாந்திலே ஒக்ஸ்போட் நகரத்து றாட்கிளிப் வைத்தியசாலையில், அல்பேட் அலெக்சாண்டர் என்னும் பொலிசு வீரருக்குப் பென்சிலின் என்னும் புதுமருந்து ஊசிமூலம் ஏற்றப்பட்டது. முகத்திலுண்டான ஒரு சிறு காயத்தின் வழியே புகுந்த கிருமிகள் அவருடைய ஒரு கண்ணைக் கொண்டுபோய், நுரையீரல்வரை பரவியிருந்தன. மருந்து ஏற்றிய மறுநாளே காய்ச்சல் தணிந்தது; சில நாட்களில் அவர் உணவை விரும்பி உண்டார். ஆனால், உலகத்திலே அன்றிருந்த பென்சிலினின் அளவு மிகச் சொற்பம். நோயாளியின் சிறுநீரைச் சேகரித்து, ஆய்வுகூடத்துக்குக் கொண்டுசென்று, அதிற் கழிந்த மருந்தைப் பிரித்தெடுத்து மீண்டும் அவருக்கே ஏற்றினர். ஐந்து நாட்களில் அதுவும் தீர்ந்தது. அடங்கியிருந்த நோய் மறுபடியும் தலைதூக்கியது. மார்ச்சு 15 ஆந் திகதி அவர் இறந்தார்.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளின் வரலாறு இவ்வாறு ஒரு பற்றாக்குறையோடு தொடங்கியது. அலெக்சாண்டருக்கு மருந்து போதாமற் போனமைக்கு அவரும் காரணரல்லர். அவருக்கு வைத்தியஞ் செய்த புளோரி குழுவினரும் காரணரல்லர். எனினும், மருந்து கடைதோறும் மலிந்து கிடக்கும் காலம் வந்த பின்பும், போதிய அளவு உட்கொள்ளாமையால் மனிதர் வருந்தினர் என்பதே ஈண்டு நாம் நோக்கப் புகுந்த பொருள்.

இவ்வாபத்தை முன்னறிந்து கூறியவர், பென்சிலினை 1928 இற் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங்கே. 1945 ஆம் ஆண்டு திசெம்பர் 11 ஆந் திகதி, ஸ்ரொக்கோம் நகரில் நோபெற் பரிசு பெற்றபோது நிகழ்த்திய சொற்பொழிவின் இறுதியில், அவர் ஒரு கற்பனை நிகழ்ச்சியைச் சொன்னார். தொண்டை நோவுடைய ஒருவன் தானே பென்சிலின் வாங்கி உட்கொள்கிறான். கிருமிகளைக் கொல்லப் போதாத, ஆனால் அவற்றை மருந்துக்குப் பழக்கப் போதுமான அளவே உட்கொள்கிறான். கிருமிகள் அவனிடமிருந்து அவன் மனைவிக்குத் தொற்றுகின்றன. அவளுக்கு நியூமோனியாக் காய்ச்சல் உண்டாகிறது, பென்சிலின் பயன்படவில்லை, அவள் இறக்கிறாள். பிளெமிங் எடுத்துக்கொண்ட தொண்டை நோவுக் கிருமி பென்சிலினை எதிர்க்கும் வன்மையை இன்றுவரை பெறவில்லை என்பது வேறு விடயம். உவமானம் பிழைத்தது, உவமேயம் பிழைக்கவில்லை.

தொண்டை நோவைப் பற்றி ஒரு வார்த்தை. அக்கிருமி எதிர்ப்புவன்மை பெறாவிடினும், குறைமருந்து அங்கே வேறொரு வழியால் தீங்கு செய்கிறது. இரண்டு நாளில் நோவு மாறிவிடும். பிள்ளை விளையாடப் போய்விடும். எஞ்சிய குளிசைகள் அலுமாரியிற் கிடக்கும். தொண்டையில் எஞ்சிய கிருமிகளோ, சில வாரங்களின் பின் மூட்டுவாதக் காய்ச்சலை உண்டாக்கி, இருதயத்தின் வால்வுகளை வாழ்நாள் முழுவதற்கும் பழுதாக்கக்கூடும். தக்க காலத்திற் கொடுக்கும் பென்சிலின் இதனைத் தடுக்கும் என்பது, 1950 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து விமானப்படைத் தளமொன்றில் நடந்த ஆராய்ச்சியால் நிறுவப்பட்டது. இந்நோய்க்குப் பத்து நாள் மருந்து என வைத்தியர் வற்புறுத்துவது தொண்டைக்காக அன்று, இருதயத்துக்காக என்பதைப் பெற்றோர் பலர் அறியார்.

எனினும், குறைந்த மருந்தின் நீண்ட விளைவை எந்நோயின் வரலாறும் காசநோயின் வரலாற்றைப் போல விளக்கமாகக் காட்டுவதில்லை.

நம் முன்னோர் சயரோகம் என்றழைத்த இந்நோயின் கிருமியை 1882 ஆம் ஆண்டு மார்ச்சு 24 ஆந் திகதி பேர்லின் நகரில் றொபேட் கொக் வெளிப்படுத்தினார். கிருமி தெரிந்தும் அதனைக் கொல்லும் மருந்து அறுபதாண்டுகளுக்கு மேலாகக் கிடைக்கவில்லை. நல்ல காற்று, நல்ல உணவு, படுக்கையில் ஓய்வு என்பனவே சிகிச்சை; அவற்றை அளிப்பதற்கெனச் சனற்றோரியங்கள் எழுந்தன. 1943 இல் அமெரிக்காவின் றட்கேர்ஸ் பல்கலைக்கழகத்தில் வாக்ஸ்மன் என்பவரின் ஆய்வுகூடத்தில், அவருடைய மாணவரான அல்பேட் சாட்ஸ் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ரெப்ரோமைசினைப் பிரித்தெடுத்தார். காசநோய்க் கிருமியைத் தாக்கவல்ல முதல் நுண்ணுயிர்க்கொல்லி அதுவே.

போரினால் வறுமையுற்றிருந்த பிரித்தானியாவுக்கு அம்மருந்தைப் பேரளவில் வாங்க இயலவில்லை. யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது? பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபையார் ஒரு முடிவு செய்தனர். எல்லோருக்கும் போதாத மருந்தைக் கொண்டு ஒரு நேர்மையான பரிசோதனை நடத்துவதே அது. புள்ளிவிபர அறிஞர் பிறட்போட் ஹில் வகுத்த முறைப்படி, 107 நோயாளரைத் திருவுளச்சீட்டுப் போன்றதொரு முறையால் இரு பகுதியாக்கி, 55 பேருக்கு மருந்தும் ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும் அளித்தனர். ஆறு மாத முடிவில், மருந்து பெற்றோருள் நால்வரே இறந்தனர். பெறாதோருள் 14 பேர் இறந்தனர். 1948 இல் வெளிவந்த இம்முடிவு மருத்துவ வரலாற்றில் ஒரு மைல்கல்லாகப் போற்றப்படுகின்றது. பாடநூல்கள் பெரும்பாலும் இவ்விடத்தில் நிறுத்திக்கொள்கின்றன.

அவ்வாறு நிறுத்துதல் தகாது. அந்நோயாளரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, மருந்து பெற்ற 55 பேரில் 32 பேரும், பெறாத 52 பேரில் 35 பேரும் இறந்திருந்தனர். ஆறு மாதத்திற் கண்ட பெருவேற்றுமை ஐந்தாண்டில் ஏறத்தாழ மறைந்துவிட்டது! சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே பெரும்பாலோருடைய சளியில் ஸ்ரெப்ரோமைசினுக்கு அஞ்சாத கிருமிகள் தோன்றியிருந்தன. மருந்து முதலிற் குணத்தைக் கொடுத்தது. பின்பு அதுவே தன் பகையை வளர்த்துவிட்டு விலகிக்கொண்டது.

இது நிகழ்ந்தவாற்றை எண்கணக்கால் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். காசநோயினால் நுரையீரலில் விழும் ஒரு குழியிற் பத்துக் கோடியளவு கிருமிகள் வாழக்கூடும். அவற்றுள், மருந்தையே காணாத நிலையிலும், ஏறத்தாழப் பத்து இலட்சத்துக்கு ஒன்று பிறப்பிலேயே ஸ்ரெப்ரோமைசினை எதிர்க்கும் இயல்புடையது. எனவே அக்குழியில் நூறு கிருமிகளேனும் அம்மருந்துக்கு மடியா. ஏனையவை மடிய, நோயாளி தேறுகிறான்; இந்நூறும் பெருகி வெற்றிடத்தை நிரப்ப, மறுபடியும் வீழ்கிறான். வயலில் நெல்லை மட்டும் அறுத்துச் சப்பியை விட்டுவைத்தாற் போல்வது இது. இரண்டு மருந்துகளை ஒருங்கு கொடுத்தாலோ, இரண்டையும் ஒருசேர எதிர்க்கும் கிருமி ஓர் இலட்சம் கோடிக்கு ஒன்றாகவே இருக்கும்; அத்துணைக் கிருமிகள் ஒரு மனித உடலில் இருப்பது அரிது.

ஆகவே அளவிற் குறைதல் இருவகைப்படும். நாட்கள் குறைதல் ஒன்று. மருந்தின் வகைகள் குறைதல் மற்றொன்று. முன்னதை எல்லோரும் அறிவர். பின்னது மறைவானது, கொடியதும் அதுவே.

நாட்கள் குறைந்தவர்களுள் ஒருவர் உலகறிந்த எழுத்தாளர். ஜோர்ஜ் ஓர்வெல், 1948 இல் ஸ்கொத்லாந்தின் ஹெயார்மையர்ஸ் வைத்தியசாலையிற் கிடந்தபோது, அமெரிக்காவிலிருந்து அரிதில் வருவித்த ஸ்ரெப்ரோமைசின் அவருக்கு ஏற்றப்பட்டது. சளியிற் கிருமி மறையத் தொடங்கியது. ஆனால் தோல் உரிந்தது, வாயிற் புண் உண்டாயிற்று, நகங்கள் சிதைந்தன. ஏறத்தாழ ஐம்பது நாட்களில் மருந்தை நிறுத்த நேர்ந்தது. துணைமருந்து அவருக்கு அளிக்கப்படவில்லை. தமது இறுதி நாவலை முடித்துவிட்டு, 1950 சனவரி 21 இல் அவர் காலமானார். இரண்டாண்டுகள் பொறுத்திருப்பின் பிழைத்திருப்பார் என எண்ணுவது மனித இயல்பு. ஏனெனில் அதற்குள் நிலைமை முற்றாக மாறிவிட்டது.

சுவீடன் நாட்டு லேமன் என்பார் உருவாக்கிய பரா அமினோ சலிசிலிக்கமிலம் — சுருக்கமாகப் 'பாஸ்' — ஸ்ரெப்ரோமைசினுடன் சேர்க்கப்பட்டபோது, எதிர்ப்புக் கிருமிகள் தோன்றுவது வெகுவாகக் குறைந்தது. 1952 இல் ஐசோனியசிட் வந்தது. 1912 இலேயே பிறேக் நகரில் இரசாயனவியலார் இருவர் அதனை ஆக்கியிருந்தும், அது காசநோயைத் தீர்க்கும் என்று நாற்பதாண்டுகள் எவரும் அறியவில்லை! மலிவான மருந்து, வாயால் உட்கொள்ளத்தக்கது. எடின்பரோ நகரில் ஜோன் குறொப்ரனும் துணைவரும் இம்மூன்றையும் ஒருங்கு பயன்படுத்தி, புதிதாக நோயுற்ற எல்லோரையுமே குணப்படுத்தலாமென்று காட்டினர். நிபந்தனை ஒன்றுதான்: பதினெட்டு மாதம் முதல் இரண்டாண்டுவரை இடைவிடாது மருந்து உட்கொள்ளல் வேண்டும்.

ஐரோப்பியச் சனற்றோரியத்தில், தாதியர் கண்முன்னே, இஃது இயலும். வறியவர் நெருங்கி வாழும் கீழைத்தேயத்து நகரமொன்றில் இயலுமா? இவ்வினாவுக்கு விடை தேடப்பட்ட இடம் சென்னை. 1956 இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார தாபனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை ஆகிய நான்கும் கூடிச் சேத்துப்பட்டிலே ஒரு காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தைத் தொடங்கின. வலஸ் பொக்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர் அதன் தலைமையை ஏற்றார். அக்காலத்தில் இந்தியாவிற் காசநோயாளரின் தொகையோ பல இலட்சம். சனற்றோரியப் படுக்கைகளோ சில ஆயிரம். ஆதலின் நோயாளரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியைச் சனற்றோரியத்துக்கு அனுப்பி, மறுபகுதியை அவர்தம் வீடுகளிலே விட்டு, இருவர்க்கும் ஒரே மருந்தை, அதாவது ஐசோனியசிட்டையும் பாஸையும், ஓராண்டு கொடுத்தனர்.

1959 இல் வெளிவந்த முடிவு அறிஞர் பலரை வியப்பில் ஆழ்த்தியது. ஆராயப்பட்ட 163 பேரில், சனற்றோரியத்தில் இருந்த 81 பேருள் நூற்றுக்கு 92 பேரும், வீட்டில் இருந்த 82 பேருள் நூற்றுக்கு 86 பேரும் ஓராண்டில் நோயடங்கப் பெற்றனர். வீட்டிலிருந்தோர் உண்டது குறைவு, உழைத்தது மிகுதி, உறங்கியது நெருக்கமான அறைகளில். எனினும் அவர்களும் குணமடைந்தனர். அவர்களுடன் வாழ்ந்த குடும்பத்தினருக்கு, சனற்றோரியம் சென்றோரின் குடும்பத்தினரைக் காட்டிலும் நோய் மிகுதியாகத் தொற்றவுமில்லை. மலைக்காற்றும் பாலும் முட்டையும் அல்ல, ஒழுங்காக உட்கொண்ட மருந்தே நோயைத் தீர்த்தது என்பது ஐயத்துக்கிடமின்றி வெளிப்பட்டது. உலகெங்கும் சனற்றோரியங்களின் கதவு மூடப்பட்டமைக்குச் சென்னையின் ஏழை வீடுகளே ஒரு காரணம் என்று கூறுவது மிகையாகாது.

ஆனால் அந்நிலையத்தார் கண்ட இன்னொரு உண்மை அத்துணைப் புகழ் பெறவில்லை. நம் கட்டுரைக்கு அதுவே முக்கியமானது. நோயாளி மருந்து உட்கொள்கிறேன் என்று சொன்னால் அதனை நம்பலாமா? இவ்வினாவைத் தயக்கமின்றிக் கேட்டவர் பொக்ஸ். முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று எஞ்சிய குளிசைகளை எண்ணினர். சிறுநீரை வாங்கிப் பாஸ் இருக்கிறதா என்று பரிசோதித்தனர். கணக்குச் சரியாயிருந்தும் சிறுநீரில் மருந்து இல்லாதோர் இருந்தனர். பொய்யர் என இவரை இகழ்வது எளிது. பாஸ் என்பது நாளொன்றுக்குப் பத்துக் கிராமளவில் விழுங்கவேண்டிய, குமட்டலும் வயிற்றோட்டமும் தரும் மருந்து என்பதை மறந்துவிடலாகாது. இரண்டு மாதத்தில் இருமல் நின்று, உடல் தேறி, வேலைக்குப் போகத் தொடங்கிய ஒருவன், இன்னும் பத்து மாதம் நாள்தோறும் குமட்டலை வருவித்துக்கொள்ள வேண்டும் என்றால், அதற்கு எத்துணை மனவுறுதி வேண்டும்! ஆகவே சிலர் இலகுவான ஐசோனியசிட் குளிசையை மட்டும் விழுங்கிவிட்டு, பாஸைக் கைவிட்டனர். மேலே கூறிய மறைவான குறைவு இதுதான். தாம் பாதி மருந்து உட்கொள்வதாக அவர் எண்ணினர். உண்மையில் அது 1947 இன் பரிசோதனைக்கு, ஒற்றை மருந்தின் காலத்துக்கு, மீள்வதாகும். பாதி மருந்து பாதிக் குணத்தைத் தரவில்லை. புதியதொரு நோயைத் தந்தது.

நிலையத்தார் நோயாளரைக் கடிந்துகொள்வதோடு நில்லாமல், முறையை மாற்றினர். ஸ்ரெப்ரோமைசினையும் ஐசோனியசிட்டையும் வாரத்தில் இருமுறை மட்டும், நிலையத்திலே ஊழியர் பார்த்திருக்கக் கொடுத்தனர். 1964 இல் வெளியான முடிவின்படி, இது நாள்தோறும் வீட்டிற் குளிசை விழுங்குவதிலும் தாழ்ந்ததாக இருக்கவில்லை. திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு உறுப்பாக வகுத்தபோது, நோயாளி, வைத்தியன், மருந்து என்ற மூன்றோடு அமையாது, அருகிலிருந்து மருந்தை இயற்றிக் கொடுப்பவனையும் நான்காவதாகச் சேர்த்தார். தொண்ணூறுகளில் உலக சுகாதார தாபனம் நேரடி மேற்பார்வைச் சிகிச்சை என்று பரப்பிய முறையின் வித்து சென்னையில் ஊன்றப்பட்டது. அந்த நான்காவது ஆளின் தேவையைச் சேத்துப்பட்டு நிலையத்தார் கணக்கிட்டுக் காட்டினர் என்று சொல்லலாம்.

அவ்வாளை நீக்கிவிட்டால் என்ன நேரும் என்பதை, செல்வம் மிக்க நியூயோர்க் நகரம் தன் செலவிலே கற்றது. காசநோய் ஒழிந்ததென்று கருதி, எழுபதுகளில் அந்நகரம் நோய்த்தடுப்புக்கான பணத்தை வெட்டியது. வீடற்றோர் பெருகினர், எச்.ஐ.வி. தொற்றும் வந்து சேர்ந்தது. 1988 இல் ஹாலெம் வைத்தியசாலையிலிருந்து காசநோய் மருந்தோடு அனுப்பப்பட்ட 178 பேரில் நூற்றுக்கு 89 பேர் சிகிச்சையை முடிக்காமலே மறைந்துபோயினர். 1991 ஏப்பிரில் மாதத்தில் நகரம் முழுவதும் ஆராய்ந்தபோது, நோயாளருள் மூன்றிலொரு பங்கினரின் கிருமி ஏதாவதொரு மருந்தையும், நூற்றுக்கு 19 பேரின் கிருமி ஐசோனியசிட், றிபாம்பிசின் ஆகிய இரு தலையாய மருந்துகளையும் எதிர்த்தது. 1992 இல் நோயாளர் தொகை 3,811 ஆக உயர்ந்தது. அதன்பின் ஊழியர்கள் வீடு வீடாக, வீடற்றோரைத் தெருத் தெருவாகத் தேடிச்சென்று மருந்து கொடுத்தனர். இரண்டே ஆண்டில் தொகை ஐந்திலொரு பங்கு குறைந்தது.

மருந்தை இடையில் விடுபவரை ஆங்கில மருத்துவ நூல்கள் நெடுங்காலம் கடனைத் தவறியவரைக் குறிக்கும் சொல்லாற் சுட்டிவந்தன. அச்சொல் எனக்கு உடன்பாடன்று. ஹாலெமில் மறைந்துபோனவர்களுட் பலருக்குக் குளிசையை வைப்பதற்கு ஓர் அலுமாரியும் இல்லை. மேலும், விளைவைத் தவறியவர் மட்டும் அனுபவிப்பதில்லை. தென்னாபிரிக்காவின் துகேலா பெரி என்னும் சிற்றூரில், ஏறத்தாழ எல்லா மருந்துகளையும் எதிர்க்கும் காசநோய் 53 பேரிடம் காணப்பட்டதாக 2006 இல் அறிவிக்கப்பட்டது. அவர்களுள் 52 பேர் இறந்தனர். சளி எடுத்த நாளிலிருந்து பாதிப்பேர் பதினாறு நாளளவிலே மடிந்தனர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அதற்குமுன் காசநோய் மருந்தை உட்கொண்டவரே அல்லர். யாரோ, எங்கோ, எப்போதோ முடிக்காமல் விட்ட சிகிச்சைகளின் பலனை அவர்கள் மூச்சோடு இழுத்துக்கொண்டனர். பிளெமிங் கற்பனை செய்த மனைவியின் கதை இங்கே மெய்யாயிற்று.

பிழைத்தவர்கள் நிலையும் எளிதன்று. நோய் மீண்டும் மீண்டும் எழுந்த நுரையீரலிற் குழிகளும் தழும்புகளும் நிலைத்துவிடும். மூச்சுக்குழாய்கள் விரிந்து சீழ் தேங்கும். பழைய குழியிற் பூஞ்சணம் குடியேறி இரத்தம் கக்கச் செய்யும். கிருமி முற்றாக ஒழிந்த பின்னும் படியேற மூச்சு முட்டும். முதல்வரிசை மருந்துகளை இழந்தவர் இரண்டாம்வரிசை மருந்துகளை நாடவேண்டியிருந்தது. அவற்றுட் கனாமைசின் போன்ற ஊசிமருந்துகளை மாதக்கணக்கில் ஏற்றிக்கொண்ட பலர் செவிப்புலனை இழந்தனர், அவ்விழப்பு மீளாதது. 2019 இலேயே உலக சுகாதார தாபனம் கனாமைசினைச் சிகிச்சை முறைகளிலிருந்து விலக்கியது. 2022 இல், மருந்தை எதிர்க்கும் காசநோய்க்கும் ஊசியின்றிக் குளிசைகளால் மட்டும் ஆறு மாதத்தில் முடியும் சிகிச்சையை அது பரிந்துரைத்தது.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். காசநோயிற் கற்ற பாடத்தை எல்லா நோய்க்கும் கண்மூடிப் பொருத்துதல் சரியன்று. 2017 இற் பிரித்தானிய மருத்துவ இதழில் அறிஞர் சிலர், எடுத்த நுண்ணுயிர்க்கொல்லியை எப்போதும் முழுமையாக முடிக்கவேண்டும் என்ற வழக்கமான அறிவுரைக்குப் பல நோய்களில் ஆதாரம் போதாது என்று வாதித்தனர். சாதாரண நியூமோனியாவுக்குப் பத்து நாட்களிலும் ஐந்து நாட்கள் பலருக்குப் போதுமெனப் பரிசோதனைகள் காட்டியுள்ளன. வேண்டாத நாட்களுக்கு நீட்டிய மருந்து குடலிலும் தோலிலும் வாழும் பிற கிருமிகளை எதிர்ப்புக்குப் பழக்குகின்றது. எனவே குறைவு என்பது ஒவ்வொரு நோய்க்கும் ஆராய்ந்து கண்ட அளவிலிருந்து குறைதலேயன்றி, அட்டையில் எஞ்சிய குளிசையின் தொகையன்று. அவ்வளவை அறிந்தவர் வைத்தியர். காய்ச்சல் விட்டது என்ற உணர்ச்சி அதற்கு அளவுகோலாகாது. காசநோயிலோ ஐயத்துக்கே இடமில்லை: உறங்குவதுபோல் அடங்கிக் கிடக்கும் கிருமிகளை மருந்து மெல்ல மெல்லவே தீர்க்கவல்லது.

அம்மெதுவான வேலையை விரைவாக்கும் முயற்சியே இவ்வரலாற்றின் மற்றொரு இழை. றிபாம்பிசின் அறுபதுகளின் பிற்பகுதியில் வந்தபின், சென்னையிலிருந்து சென்ற பொக்ஸ், தம் தோழர் மிச்சிசனுடன் கூடிக் கிழக்காபிரிக்காவில் எழுபதுகளில் நடத்திய பரிசோதனைகளால், பதினெட்டு மாதச் சிகிச்சை ஆறு மாதமாகச் சுருங்கியது. குமட்டல் தரும் பாஸ் பெரும்பாலும் வழக்கொழிந்தது. மருந்துகள் பலவற்றை ஒரே குளிசையில் அடைக்கும் வழக்கமும் வந்தது. ஒன்றை விழுங்கி மற்றொன்றை எறிவதற்கு அங்கே வழியில்லை. 2021 இல், றிபபென்ரின் என்னும் மருந்தோடு கூடிய நான்கு மாதச் சிகிச்சையும் ஆறு மாதச் சிகிச்சைக்குத் தாழ்ந்ததன்று எனப் பன்னாட்டுப் பரிசோதனையொன்று காட்டியது. சேத்துப்பட்டு நிலையம் 2011 முதல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயரோடு அதே இடத்திலே பணியாற்றி வருகின்றது. குளிசை எண்ணும் வேலையும் அதனுடன் மாறிவந்திருக்கிறது. இந்தியாவில் நோயாளர் பலர் குளிசை அட்டையின் உறையில் மறைந்திருக்கும் இலக்கத்தைக் கண்டு, கட்டணமில்லாத் தொலைபேசி அழைப்பால் அன்றைய மருந்தை உட்கொண்டதைத் தெரிவிக்கும் முறையும் வழக்கிற்கு வந்தது. பொக்ஸின் ஊழியர்கள் சிறுநீர்க் குப்பியோடு கதவைத் தட்டிய காலத்தைப் போலவே, அந்த அழைப்பும் குளிசை விழுங்கப்பட்டது என்பதற்கு முழுச் சான்றாகாது.